சருகை நிகர்த்த ஒரு புதிய காட்டுச் சிலந்தி

பயிர்களுக்குச் சத்துருக்களாயுள்ள பூச்சிகளைப்பற்றி நம் குடியானவர்கள் ஓரளவு அறிவார்கள். ஆனால் அப்பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்யும் பிராணிகளைப்பற்றி அறிந்தவர் சிலரே. இவ்வாறு நன்மை செய்பவற்றுள் சிலந்தி முக்கியமானது. 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், உலகில் பெயரிட்டு விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்களின் தொகை 50,000-ஐ எட்டியது. இன்னும் பெயர் பெறாதவை பல உள. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடொன்றில் கண்டுபிடிக்கப்பட்டு 2016-ம் வருஷத்தில் பெயர் பெற்ற ஒரு சிறு சிலந்தியைப்பற்றி இங்கு விவரிப்போம்.

கண்டுபிடித்த இடம்

கர்நாடகத்தைச் சேர்ந்த ஷிவமொக்கா ஜில்லாவில் கிராமங்களையடுத்துப் பசுமை மாறாத காட்டுத் திட்டுகள் பல இருக்கின்றன. கன்னடத்தில் இவற்றைக் கான் என்பர். காட்டைக் குறிக்கும் நம் 'கான்' என்னும் சொல்லும் இதுவும் ஒன்றே. கிராமத் தெய்வங்களுக்கு உரியவையென்று இக்காடுகளை மக்கள் நெடுங்காலம் வெட்டாமல் காத்து வந்தனர். காட்டு மிளகு இவற்றில் கிடைத்தது. இவற்றின் நிழலிலிருந்து ஊறும் நீர் கீழேயுள்ள வயல்களுக்கும் பாக்குத் தோட்டங்களுக்கும் பாய்ந்தது. இத்தகைய கான் ஒன்றிலேயே இச்சிலந்தி அகப்பட்டது. ஜாவேத் அஹ்மத், ராஜஸ்ரீ கலாப், சுமுகா என்னும் மூவர் இதனை ஆராய்ந்து, எரியோவிக்ஸியா கிரிஃபின்டோரி என்று பெயரிட்டனர்.

தோற்றம்

இச்சிலந்தியின் நீளம் சுமார் 7 மில்லி மீட்டர். அதாவது கால் அங்குலத்திற்குச் சற்று அதிகம். உடல் பழுப்பு நிறமுடையது. வயிற்றுப்பாகம் அடியில் அகன்று, வரவரக் குறுகி, நுனியில் கூம்பி வளைந்திருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு ஒரு சிறு சருகு சுருண்டு கிடப்பதாகவே தோன்றும். ஆங்கில நாவலாசிரியை ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதைகளில், மாணவர்களைப் பிரித்து இன்ன இல்லத்திற்குரியவர் என்று கூறும் மந்திரத் தொப்பி ஒன்று வருகிறது. கதைப்படி அத்தொப்பிக்கு முதலில் உரியவன் பெயர் கிரிஃபின்டார். இச்சிலந்தியின் வயிறு அத்தொப்பியின் வடிவை ஒத்திருத்தலால் அப்பெயரை இதற்குச் சூட்டினர்.

இவ்வுருவத்தால் இதற்கு விளையும் பயன் பெரிது. பறவைகள் சிலந்திகளைக் கொத்தித் தின்னும். குளவிகளிற் சில, சிலந்திகளைக் கொட்டிச் செயலறச் செய்து, தம் குஞ்சுகளுக்கு இரையாக மண்கூட்டில் அடைத்து வைக்கும். காய்ந்த இலைகளினிடையே அசையாது ஒடுங்கியிருக்கும் இச்சிலந்தி இவற்றின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

புதிய இனமென்று நிச்சயித்தல்

நிறத்தையும் வடிவையும் மாத்திரம் கொண்டு சிலந்தியின் இனத்தை நிச்சயித்தல் இயலாது. ஒரே இனத்தினுள்ளும் நிறம் வேறுபடுவதுண்டு. பெண் சிலந்தியின் அடிவயிற்றிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும், ஆணின் முகத்தருகேயுள்ள உணர்கால்களின் நுனியமைப்பும் இனத்திற்கு இனம் மாறுபடுவன. அவற்றைப் பூதக்கண்ணாடியில் நோக்கி, முன்னர் விவரிக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டே முடிவு கூறுவர். இச்சிலந்தியைப் பெண்ணைக் கொண்டே விவரித்தனர். இது சக்கரம்போல் வலை பின்னும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்பத்துச் சிலந்திகள் பல, நம் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் வலை கட்டுவதைக் காணலாம்.

இதனால் குடியானவர் அறியவேண்டியது

காட்டிலுள்ள இச்சிறு பிராணியால் பயிருக்கு நேரே யாது பயன் என்று சிலர் வினவலாம். நேரான பயன் இல்லை என்பது மெய்யே. எனினும் இதன் சுற்றத்தவை வயலில் செய்யும் வேலை அற்பமன்று. உலகிலுள்ள சிலந்திகள் யாவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்னுமென்று 2017-ல் வெளியான ஆராய்ச்சியொன்று கணக்கிட்டிருக்கிறது. இவ்விரையில் பெரும்பகுதி பூச்சிகளே. நெல்வயலில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளைத் தின்னும். அதற்குப் பிரியமான இரை, நெற்பயிரைத் தீய்ந்தாற்போல் காயச் செய்யும் புகையான்.

இச்சிலந்திகளைக் கொன்றால் நேருவது யாதென்பதற்கு இந்தோனேஷியா தேசம் சாட்சி. அங்கே நெல்லுக்குப் பூச்சி மருந்துகளை வரையறையின்றித் தெளித்து வந்தனர். மருந்தினால் சிலந்திகள் மடிந்தன. புகையானின் முட்டைகளோ இலையுறையின் உள்ளே பத்திரமாயிருந்தன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைத் தின்ன எதிரிகள் இல்லாமையால் அவை அளவின்றிப் பெருகிப் பயிரை அழித்தன. இதனை உணர்ந்த அத்தேசத்து அரசாங்கம், 1986-ல் 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதெனத் தடுத்தது.

ஆகையால் குடியானவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்:

1. வயலில் சிலந்திகள் எத்தனை, தீமை செய்யும் பூச்சிகள் எத்தனை என்று பார்த்த பின்னரே மருந்து தெளிப்பதைப்பற்றி யோசிக்க வேண்டும். பூச்சி தென்படுமுன்னரே தெளிப்பது கூடாது.

2. வரப்பிலுள்ள புற்பூண்டுகளை அடியோடு செதுக்கிவிடாமல் சிறிது விட்டு வைக்கலாம். ஆங்காங்கே வைக்கோற் கட்டுகளை வைத்தால் சிலந்திகளுக்குப் புகலிடமாகும்.

3. தழையெருவுக்காகக் காட்டிலும் தோப்பிலும் சருகு வாருவோர், ஓரிடத்திலேயே முழுவதும் துடைத்து வாராமல், ஒரு பகுதியை விட்டு வாருதல் வேண்டும். சருகு மண்ணின் ஈரத்தைக் காப்பதோடு பல சிறு பிராணிகளுக்கு வீடாகவும் இருக்கிறது.

4. கோயிற் காடுகளையும் கிராமத்தை ஒட்டிய சோலைகளையும் வெட்டாமல் காப்பது ஊரார் அனைவருடைய கடமை.

சிலந்திகள் சில சமயங்களில் தேனீக்களையும் பிடிப்பதுண்டு. அவற்றால் வரும் நன்மையை நோக்க அந்நஷ்டம் மிகச் சிறிது. கான் காட்டை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்தமையாலேயே இச்சிலந்தி நம் காலம் வரை பிழைத்திருந்து கண்டறியப்பட்டது. வெட்டப்பட்ட காடுகளில், பெயர் பெறுமுன்னரே அழிந்துபோனவை எத்தனையோ, யாரும் எண்ணிச் சொல்ல இயலாது.