பொறாமையும் உடன்மகிழ்வும்: பல்துணை உறவு சார்ந்த ஓர் உணர்வுச்சொல்

முன்னுரை

தம் துணைவர் மற்றொருவரிடம் காதல் கொண்டு மகிழ்வதைக் கண்டு தாமும் மகிழும் உணர்வு, மேலைநாட்டுப் பல்துணை உறவு ஆய்வுகளில் 'கம்பர்ஷன்' எனப்படுகிறது. அனைவரும் அறிந்து இசைந்த உறவுகளே இங்குப் பல்துணை உறவு எனப்படுகின்றன. இவ்வுணர்வு பொறாமையின் எதிர்ச்சொல்லாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லின் தோற்றம்

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1971 முதல் 1991 வரை இயங்கிய கெரிஸ்டா என்னும் கூட்டுவாழ்வுக் குழுவே இச்சொல்லை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டுமே உறவு கொள்ளும் நெறியை அவர்கள் மேற்கொண்டிருந்தனர். அவ்வாழ்வில் எழுந்த உணர்வைக் குறிக்க வழக்கிலிருந்த ஆங்கிலச் சொற்கள் போதாமையால் புதுச்சொல் தேவைப்பட்டது.

பொறுத்தலும் மகிழ்தலும்

தமிழில் 'பொறாமை' என்பது 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயர். பொறுக்க இயலாமையே அதன் அடிப்படைப் பொருள். எனவே அதன் நேர் மறுதலை பொறுத்தலேயன்றி மகிழ்தல் அன்று. திருக்குறளின் 'அழுக்காறாமை' அதிகாரப் பெயரும் தீய குணம் ஒன்றன் இன்மையையே சுட்டுகிறது. துணைவரின் வேற்றுறவைச் சகித்துக்கொள்பவர் அதில் மகிழ்பவராகிவிடார். அவ்வாறே, மகிழ்பவரிடம் பொறாமை அறவே இராது என்றும் கூறவியலாது. இழப்பச்சமும் மகிழ்வும் ஒருவரிடம் ஒருங்கே நிகழக்கூடும். ஆகவே 'பொறாமையின்மை' என்பதினும் 'உடன்மகிழ்வு' என்பதே இவ்வுணர்வுக்குப் பொருத்தமான பெயராகும்.

முதிதையும் மருதமும்

பௌத்தம் கூறும் முதிதை, பிறர் நலம் கண்டு மகிழ்தலாகும். மணிமேகலையின் இறுதிக் காதையும் இதனை மைத்திரி, கருணை ஆகியவற்றோடு சேர்த்துக் கூறுகிறது. ஆயினும் முதிதை எல்லா உயிர்களையும் தழுவியது. பற்றறுக்கும் நெறியில் அமைவது. உடன்மகிழ்வோ தாம் பற்றுக்கொண்ட ஒருவரைச் சார்ந்தே எழுவது.

மருதத்திணையில் பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனைத் தலைவி ஏற்றுக்கொள்வதையும் உடன்மகிழ்வாகக் கொள்ளவியலாது. தலைவனுக்குள்ள உரிமை தலைவிக்கு இல்லை. அவள் இசைவு பெற்று அவன் பிரிவதுமில்லை. ஊடலே அத்திணையின் உரிப்பொருளாக அமைந்திருப்பது, அவள் மனவருத்தத்தை இலக்கணம் ஏற்றதற்குச் சான்றாகும்.

முடிவுரை

உடன்மகிழ்வுக்குச் சமவுரிமையும் இசைவும் இன்றியமையாதன. அவை இல்லாதபோது இச்சொல், ஒருவரின் வருத்தத்தைக் குறையாகக் காட்டி அவரை வாய்மூடச் செய்யும் கருவியாகிவிடும். அவை உள்ள உறவிலும் இதனைக் கடமையாக்கினால், பொறாமை கொள்பவர் தம்மைத் தோற்றவராகக் கருத நேரும். பொறாமையை வெளிப்படையாகக் கூற இடமுள்ள உறவிலேயே உடன்மகிழ்வும் மெய்யானதாக அமையும்.