மின்நூல்: எந்த பைலை டவுன்லோட் செய்வது?

மொபைல் போனில் தமிழ் மின்நூலைத் திறந்தால் எழுத்துக்கள் எறும்பு போல் தெரிகின்றனவா? குறை உங்கள் கண்ணில் இல்லாமல், பைல் வகையில் இருக்கலாம்.

பி.டி.எப். பைலில் பக்க அமைப்பு மாறாது. ஏ4 தாளுக்கான பக்கம் சிறிய திரையில் அப்படியே சுருங்கிவிடும். பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டும். ஈபப் பைலில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் திரையின் அகலத்திற்கேற்ப மடங்கிக்கொள்ளும்.

2013ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் நூல்கள் ஈபப், ஏ4 பி.டி.எப்., 6 அங்குல பி.டி.எப். எனப் பல வகைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனுக்கு ஈபப், பிரிண்ட் எடுக்க ஏ4 எனத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் ஈபப் திறக்காவிட்டால் கேலிபர் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க நூல்களும் உண்டு.

கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். பிறகு படிக்க இணையம் தேவையில்லை.