துயிலும் வித்தியின் விழிப்பு

வைக்கோலூறலில் வாழும் பசிலசு சப்டிலிசு என்னும் பற்றீரியா, உணவு அருகியவிடத்துத் தடித்த உறைசூழ்ந்த வித்தியாகின்றது. கொதிநீரிலும் அவ்வித்தி மாளாமையைப் பேர்டினந்து கோன் 1876ஆம் ஆண்டிலே காட்டினார். உயிர்த்தொழில் ஏறக்குறைய ஒடுங்கிய இவ்வித்தி, விழிக்கும் வேளையை எங்ஙனம் அறியும்? உணவு நிலையாதவிடத்து முளைப்பின், உறையுமிழந்து மடியுமன்றோ!

கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் சான் தியேகோ வளாகத்து ஆய்வாளர், ஆயிரக்கணக்கான வித்திகளைத் தனித்தனி நோக்கி, 2022இல் வெளியிட்ட முடிபு வியக்கத்தக்கது. வித்தியினகத்தே பொற்றாசிய அயன்கள் செறிந்துள்ளன. அலனைன் என்னும் அமினோவமிலம் சில நிமிடம் தீண்டினால் அவற்றுட் சில வெளியேறும்; வித்தியோ முளையாது. மீண்டுந் தீண்ட மேலுஞ் சில கழியும். இழப்பு ஓரெல்லையைக் கடந்த பின்னரே துயில் கலையும். எண்ணுதல் என இதனைக் கூறல் உவமையே. முன்னரே சேமித்த மின்னிரசாயன அழுத்தம் படிப்படியாகக் குறைதலே ஈண்டு நிகழ்வது. பொற்றாசியத்தின் போக்கை ஆய்வாளர் மாற்றியவிடத்து, முளைக்கும் முடிவும் மாறிற்று.