தெருவில் இறங்கினால் வேறு அரபு

அரபு படிக்க ஒரு பருவம் கெய்ரோவிலோ அம்மானிலோ தங்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துப் போவார்கள். வகுப்பில் படித்த அரபைத் தெருவில் யாரும் பேசுவதில்லை. அந்தத் திகைப்பு வேண்டுமென்றால் திருவனந்தபுரத்திலேயே கிடைக்கும்.

காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் அரபுத் துறை இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரபு படிக்கலாம். இங்கெல்லாம் சொல்லித்தருவது ‘ஃபுஸ்ஹா’. குர்ஆனின் மொழியை ஒட்டி வந்த எழுத்து அரபு அது. அரபு நாடுகளின் செய்தித்தாள், செய்தி வாசிப்பு எல்லாம் அதில்தான். இந்தக் கரையில் நெடுங்காலமாகப் படித்ததும் அதையே. வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873–1932) கெய்ரோவிலிருந்து வந்த ‘அல் மனார்’ இதழைப் படித்து அதன் சீர்திருத்தக் கருத்துகளைத் திருவிதாங்கூரில் பரப்பினார். 1918இல் அவர் தொடங்கிய ‘அல் இஸ்லாம்’ இதழ், அரபு எழுத்தில் அச்சான மலையாளம். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘அல் மனாரை’க் கரைத்துக் குடித்தவரும் கெய்ரோ சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேறு அரபு கற்க வேண்டும்.

‘எப்படி இருக்கிறாய்’ என்பது ஃபுஸ்ஹாவில் ‘கய்ஃப ஹாலுக்’. பெய்ரூத்தில் ‘கீஃபக்’, கெய்ரோவில் ‘இஸ்ஸய்யக்’, குவைத்தில் ‘ஷ்லோனக்’. எந்த அரபுக் குழந்தையும் வீட்டில் ஃபுஸ்ஹா பேசி வளர்வதில்லை. பள்ளிக்குப் போய்த்தான் அதை முறையாகக் கற்கிறது. இந்த வேறுபாடு மூளையிலும் தெரிகிறது. ஒரு சொல்லைக் கேட்டதும் அதோடு பொருளில் நெருங்கிய அடுத்த சொல்லை மூளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதை வைத்து இப்ராஹிம், அஹரோன்-பெரெட்ஸ் என்ற ஆய்வாளர்கள் அரபு மாணவர்களைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு சொல்லும் பேச்சு அரபாக இருந்தபோது அந்த வேகம் நன்றாகத் தெரிந்தது. ஒன்று எழுத்து அரபானதும், அந்த மாணவர்களின் இரண்டாம் மொழியான ஹீப்ருவிலிருந்து ஒரு சொல் வந்தாற்போலவே, அது குறைந்தது. சொந்த எழுத்துமொழியே மூளைக்கு இரண்டாம் மொழி!

இதில் தமிழருக்கு வியப்பு இருக்கக் கூடாது. ஒரே சமூகத்தில் மேல்வழக்கும் கீழ்வழக்கும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இந்த நிலையை 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் தம் கட்டுரையில் வரையறுத்தார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்திய கிரியோல் ஆகிய நான்கும் அவருடைய முக்கிய உதாரணங்கள். அந்த வரையறைக்குத் தமிழும் அப்படியே பொருந்தும் என்று அதிலேயே குறிப்பிட்டார். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் தமிழ் பேசும் வியாபாரியிடம் ‘தாங்கள் எங்கே சென்றுகொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். செய்தி வாசிக்க வந்தவர் என்று நினைப்பார். மலையாளத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் இல்லை. அதனால் அரபு வகுப்பில் மலையாள மாணவரைவிட நாகர்கோவில் மாணவருக்கு இந்தப் பிளவு சீக்கிரம் பிடிபடும் என்பது என் கணிப்பு.

1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் இன்னொரு அரபோடு ஊர் திரும்பினார்கள். அதில் வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறாது. மறுப்புக்கு ‘மாஃபி’ ஒன்றே போதும். ‘அனா மாஃபி ரூஹ்’ என்றால் ‘நான் போகவில்லை’, ‘போக மாட்டேன்’ எல்லாம்தான். தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களிடம் பேசும்போது அரபு முதலாளிகளும் இப்படியே பேசுகிறார்கள். கொச்சை என்று ஒதுக்கப்பட்ட இதைப் பற்றி ஜாக் ஸ்மார்ட் 1990இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எழுத்து தெரியாமலே இதில் சம்பளம் கேட்டு, சண்டை போட்டு, குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் வர்க்கலையிலும் ஆற்றிங்கலிலும் நிறைய.

அரபு படிக்கக் கிளம்பும் மாணவர்களே, எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஃபுஸ்ஹாவை முடித்துவிட்டுப் பேச்சரபைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த நாட்டுப் பேச்சையும் முதல் மாதத்திலேயே சேர்த்துப் படியுங்கள்.