காப்பீட்டுப் பணத்தைக் கவர்வோர் யார்?

அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் மோசடி நடந்தது என்ற செய்தியைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனத்தில் ஓர் உருவம் எழுகிறது. நோயில்லாதவன் நோயாளி வேடம் பூணுகிறான். அல்லது அயல் வீட்டாரின் அட்டையைக் காட்டி இலவசமாக வைத்தியம் செய்துகொள்கிறான். அத்தகையோர் இல்லாமல் இல்லை. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், நோயுற்ற தொழிலாளிக்குக் கூலிக்கு ஈடாக ஒரு பகுதித் தொகை கிடைக்கும். அதனைப் பொய்ச் சான்றிதழால் பெற்றவர் உண்டு. ஆயினும், அந்தச் சான்றிதழிலும் ஒரு டாக்டரின் கையொப்பம் வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பெருந்தொகை போகும் வழி வேறு. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி ராஞ்சியில் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை அது ஏற்கிறது. நோயாளியின் கையில் காசு எதுவும் தரப்படுவதில்லை. இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று முன்னரே விதித்திருக்கிறார்கள். இதற்குப் 'பாக்கேஜ்' என்று பெயர். நோய் இன்னது என்று எழுதுவது ஆஸ்பத்திரி. முன் அனுமதி கேட்பதும், சிகிச்சை முடிந்தது என்று ஆவணம் அனுப்புவதும், இறுதியில் பணத்தைப் பெறுவதும் ஆஸ்பத்திரியே. நோயாளியிடம் இருப்பவை அட்டையும் உடம்புமே.

அலுவலகத் தாள்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள எனக்கு இங்கே ஒரு சொல் உறுத்துவதுண்டு. அட்டை வைத்திருப்பவரைப் 'பயனாளி' என்று எழுதுகிறோம். ஆனால், பணம் கோரும் விண்ணப்பத்தை அவர் எழுதுவதில்லை. பெரும்பாலும் அவர் அதைப் பார்ப்பதுமில்லை. பொய்யான விண்ணப்பம் ஒன்று போனால், அதிலும் அவர் பெயர்தான் 'பயனாளி' என்ற கட்டத்தில் இருக்கும்.

இதனால் விளைந்த கொடுமைகளுள் மிகவும் பெரியது, இதற்கு முந்தைய திட்டத்தில் நடந்தது. 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை உதவியது. அந்த வரம்புக்குள் அடங்கி, விரைவில் முடிந்து, நிச்சயமாகப் பணம் தரும் அறுவை சிகிச்சை எது என்று சில தனியார் ஆஸ்பத்திரிகள் கணக்கிட்டன. விடை, கருப்பையை அகற்றுவது! வயிற்று வலி என்றும் வெள்ளைப்படுதல் என்றும் வந்த கிராமப் பெண்களிடம், எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும் என்று சொன்னார்கள். மருந்தால் தீரக்கூடிய நோவுக்குக் கத்தி வைத்தார்கள். பீகாரில் சமஸ்திபூரிலிருந்தும், சத்தீஸ்கரிலிருந்தும் 2012ஆம் ஆண்டில் இச்செய்திகள் வெளிவந்தன. கருப்பை இழந்தோரில் முப்பது வயதைத் தாண்டாதவரும் இருந்தனர். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிடாய் இளமையிலேயே நின்று, எலும்பு வலுவிழக்கும். இருதய நோய்க்கும் வழி பிறக்கும். வயலில் குனிந்து உழைத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு இது வாழ்நாள் நட்டம். அரசாங்கத்தின் ஏட்டிலோ அது ஏழைக்குக் கிடைத்த ஓர் உதவியாகவே பதிவாயிற்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களைப் பற்றி 2013இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இவ்வகை அறுவைகளைக் கண்காணிப்பதற்கான வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் மேற்கொள்ள வேண்டும் என்றது. இடையில் பத்தாண்டுகள் சென்றுவிட்டன.

இம்முறை வழக்கொழிந்துவிட்டது என்று எண்ண இடமில்லை. 2024 நவம்பரில் குஜராத்தின் மேசாணா மாவட்டத்துப் போரிசணா கிராமத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இலவச முகாம் நடத்தியது. அங்கிருந்து ஊராரை ஆமதாபாத்துக்கு அழைத்துச் சென்று, ஏழு பேருக்கு இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தினார்கள். இருவர் இறந்தனர். தேவையற்ற சிகிச்சை என்ற குற்றச்சாட்டின் பேரில் டாக்டர்களும் நிர்வாகிகளும் கைது செய்யப்பட்டனர். இலவச முகாம் எல்லாம் தீது என்பதல்ல. பலருக்குக் கண் பார்வை தந்தவை முகாம்களே. ஆயினும், முகாம் முடிந்த கையோடு வாகனத்தில் ஏறச் சொன்னால், இன்னொரு டாக்டரைக் கேட்ட பிறகு வருகிறேன் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு.

உடம்பைத் தொடாமலே பணம் பெறுவதும் உண்டு. கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, முன்பே இறந்தவர்களாகக் காட்டப்பட்ட 3,446 நோயாளிகளின் பெயரில் 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டிற்று. 9999999999 என்ற ஒரே தொலைபேசி எண் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேருக்குப் பதிவாகியிருந்தது. எண் கட்டாயமன்று, அடையாளம் ஆதாரைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது என்று அரசாங்கம் விளக்கியது. அது உண்மையே, அந்த ஏழரை லட்சம் பேரையும் பொய்யர் என்று கூறுவது அநியாயம். ஆனால், உம் பெயரில் இன்ன சிகிச்சைக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள், உண்மையா என்று விசாரிக்க வேண்டுமானால் எந்த எண்ணை அழைப்பது?

2025இல் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரப்படி, தனியார் ஆஸ்பத்திரிகள் அனுப்பிய 562 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கோரிக்கைகள் ஏற்கத்தகாதவை எனக் கண்டறியப்பட்டன. 1,114 ஆஸ்பத்திரிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சந்தேகத்துக்குரிய கோரிக்கைகளை இப்போது கணினி முறையாலும் பிரித்தெடுக்கிறார்கள். ஒரே எக்ஸ்-ரே படம் இரு நோயாளிகளின் பெயரில் வந்தால் அம்முறை கண்டுபிடித்துவிடலாம். உண்மையாகவே அறுத்து எடுத்த கருப்பை தேவையின்றி எடுக்கப்பட்டதா என்பதை அதனால் அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. அந்த ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

ஆகவே, அட்டை வைத்திருப்போர் தம்முடைய சொந்தத் தொலைபேசி எண்ணையே பதிவு செய்துகொள்வது நலம். வீடு திரும்பும்போது எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். படிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்யலாம். செய்யாத சிகிச்சை அதில் எழுதியிருந்தாலோ, இலவசம் என்று சொல்லிவிட்டுக் கையில் பணம் வாங்கியிருந்தாலோ 14555 என்ற எண்ணில் புகார் கூறலாம். அந்த அழைப்புக்குக் கட்டணமில்லை.