உங்கள் ஊருக்கு வரும் வேளாண் மாணவர்கள்

வேளாண்மைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி பழக வேண்டும். இதற்கு ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் என்று பெயர். வகுப்பில் படித்ததை வயலில் சரிபார்க்க இது அவர்களுக்கு நல்ல வாய்ப்பு. சிறு விவசாயிகளுக்கும் அப்படியே. ஆகவே, வந்தவர்களை வெறுமனே அனுப்பிவிடாமல் வேலை கொடுங்கள்.

முதல் வேலை மண் மாதிரி எடுப்பது. அறுவடை முடிந்து அடுத்த பயிருக்கு உரமிடும் முன் எடுப்பதே நலம். மேலே உள்ள சருகை அகற்றி, ‘வி’ வடிவில் குழி வெட்ட வேண்டும். நெல்லுக்கு 15 செ.மீ., கரும்பு, பருத்திக்கு 22.5 செ.மீ. ஆழம் போதும். 10 முதல் 15 இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்துத் துணிப்பையில் இடவும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றில் எடுக்கக்கூடாது.

பயிர் சோர்ந்து நிற்கும் பகுதி எது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அங்கு தனி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மாணவருக்கு அதுவே நல்ல பாடம்.

டிசம்பர் 5 உலக மண் தினம். டிசம்பர் 23 உழவர் தினம். அந்நாட்களில் மாணவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் செயல்விளக்கம் நடத்தக் கேளுங்கள்.

அவர்கள் தங்குவது சில வாரங்களே. வந்த முதல் வாரத்திலேயே மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினால், புறப்படும் முன் முடிவைப் பெற்று உரக் கணக்கையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். தேவையற்ற உரத்துக்குச் செலவிடும் பணம் மிச்சமாகும்.