குளவி கொட்டு: வீக்கமா, அலர்ஜியா?



கொழுந்து மலையில் குளவி கொட்டுவது நமக்குப் புதிதல்ல. கொட்டிய இடம் மட்டும் வீங்கி, வலித்து, சில நாளில் வற்றினால் பயமில்லை. ஆனால் சிலருக்கு அந்த விஷம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இதுதான் ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. அவர்களுக்கு ஒரே கொட்டும் உயிராபத்து. "போன தடவை ஒன்றும் ஆகலியே" என்று இருந்துவிடாதீர்கள்; அடுத்த தடவை மாறலாம்.

அடையாளங்கள்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்று, மயக்கம். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கும்.

செய்ய வேண்டியவை: கூட்டை விட்டுத் தூர விலகுங்கள். முள் நின்றால் உடனே எடுங்கள். ஆளை நடக்க விடாமல் படுக்க வைத்து, காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். 1990க்குப் போன் செய்யுங்கள், அம்புலன்ஸ் இலவசம். உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக் குளிசை அந்த வேலையைச் செய்யாது. சுண்ணாம்பு பூசி நேரத்தைக் கடத்த வேண்டாம். ஊசி போட்டுச் சுகமானாலும் டாக்டர் விடும்வரை ஆஸ்பத்திரியில் இருங்கள். சில மணி நேரத்தில் திரும்ப வரலாம்.

கூட்டமாகக் கொட்டினால், அலர்ஜி இல்லாதவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பரிசோதனை: இப்படி வந்து தப்பியவர்கள் டாக்டரிடம் கேளுங்கள். 4 முதல் 6 வாரம் சென்றபின் தோலிலோ இரத்தத்திலோ சோதித்து, எந்தப் பூச்சியின் விஷம் ஆகாது என்று பார்ப்பார்கள்.

அலர்ஜி உள்ளவர்கள் கங்காணியிடமும், டிஸ்பென்சரியிலும், கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தெரிந்திருந்தால்தான் பக்கத்தில் நிற்கிறவர் ஓடி வந்து உதவ முடியும்.